பாட்டுடைத் தலைவன்

டிசம்பர்.
நண்பகலிலும் தெருவிளக்கு அணையாத ட்ரோம்சோ.
இசை உரிமை அலுவலகத்தின் இரண்டாவது சன்னலில் நான்.
டோக்கன் நாற்பத்தொன்று.

ராவ்ட்னா என்றாள்.
உள்நாட்டில், பனிச் சமவெளியில்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்திருக்கிறாள்.
விடிந்ததும் கிளம்பலாம் என்று காத்திருந்தால்
சனவரியில்தான் கிளம்பியிருக்க முடியும் என்று
அவளே சொல்லி அவளே சிரித்தாள்.

தயிர் விளம்பரம் ஒன்றில்
அவர்கள் வீட்டு யோய்க் வருகிறதாம்.

படிவத்தைத் திறந்தேன்.
இயற்றியவர்?
"அத்தை தொடங்கினாள். பிறகு எல்லோரும்.
நாய்கூடக் கொஞ்சம்."
உரிமையாளர்?
"ஹெய்க்கா. என் அண்ணன்."
அவர் பாடகரா?
"இல்லை. அவன்தான் பாட்டு."

பொருள் என்ற கட்டத்தில்
அண்ணனைப் பற்றி என்று தட்டினேன்.
என் திரையை எட்டிப் பார்த்து
கண்ணாடித் தடுப்பின்மேல் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.
"பற்றி வேண்டாம்.
அண்ணனை. அதோடு நிறுத்துங்கள்."
முப்பது வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன்,
ஒரு வேற்றுமை உருபுக்காக யாரும்
என்னோடு சண்டை போட்டதில்லை.

கால அளவு?
"மலை ஏறும்போது அரை மணி நேரம்.
பல் துலக்கும்போது, துலக்கி முடிகிற வரைக்கும்."
மூன்று நிமிடம் என்று நானாகப் போட்டுக்கொண்டேன்.
எண் இல்லாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

அடுத்த பக்கம்:
உரிமையாளர் உயிருடன் உள்ளாரா?
கையுறையை ஒருமுறை மாட்டி, கழற்றினாள்.
"ஏப்ரலில் ஏரிப் பனி உடைந்தது. வண்டியோடு போனான்."
இறந்தார் என்று போடட்டுமா?
"போடுங்கள்.
ஆனால் நேற்றுக்கூடப் பேருந்தில் என்னோடு வந்தான்,
கடைசித் திருப்பம் வரை."

கைபேசியில் விளம்பரத்தைக் காட்டினாள்.
வெள்ளைக் கிண்ணம், சிரிக்கிற பிள்ளைகள்,
அடியில் ஒரு டிரம் தாளம் தவறாமல்.
அழகாகத்தான் இருந்தது.
பெயர் போடாததா வருத்தம்?
பணமா?

"கால்" என்றாள்.

பிறகு, கேட்காமல், எழுந்திருக்காமல்,
அண்ணனை யோய்க்கினாள்.

சொல் இல்லை. லோ என்றும் லா என்றும் ஏதோ.
ஒரு எட்டு, இன்னொரு எட்டு,
மூன்றாவதில் ஓர் இழுப்பு,
பிறகு விட்ட இடத்தைப் பிடிக்க அவசரமாகக் குட்டியாய் ஒன்று.
டோக்கன் நாற்பத்திரண்டு, கிதார் உறையோடு உட்கார்ந்திருந்த பையன்,
நீட்டியிருந்த கால்களை மடக்கிக்கொண்டான்
யாரோ கடந்து போக.

"பதினாலு வயதில் கலைமான் மிதித்து உடைந்த கால்.
கோணலாகக் கூடியது.
அந்தக் காலோடுதான் எல்லா மலையும்.
இவர்கள் நாலு நாலாக வெட்டி
நிமிர்த்திவிட்டார்கள்.
என் அண்ணன் இப்படி நடந்ததே இல்லை.
விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி நான் வரவில்லை.
அவனை நொண்ட விடச் சொல்லுங்கள்."

அதற்குக் கட்டம் இல்லை.
பிற குறிப்புகள் என்பதில்
இருநூறு எழுத்துக்கு இடம் இருந்தது.
எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
கணினி சிவப்பில் சொன்னது:
ஆவணங்கள் போதவில்லை.
அச்சடித்துக் கொடுத்தேன். நாலாக மடித்து
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.
திரும்பிப் போகவும் ஆறு மணி நேரம் ஆகும் அவளுக்கு.

அலுவலகம் முடிந்து
துறைமுகம் பக்கமாக இறங்கினேன்.
உப்புத் தூவாத நடைபாதை.
எனக்கே தெரியாமல் உதட்டில் ஏதோ ஓடியது.
மூன்றாவது எட்டில் வலது கால் இழுத்தது.
பனிக்கட்டிதான் என்று சொல்லிக்கொண்டேன்.
இருந்தாலும்
சுவர் ஓரமாக ஒதுங்கி நடந்தேன்,
பக்கத்தில் ஒருவர் வர
இடம் விட்டு.